மாமா, நான் எழுந்து நிற்கவா?

என் அக்காளைக் கட்டிக்கொண்டதோடு என்னையும் சேர்த்துச் சுமந்த மாமாவுக்கு,

மச்சான் ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது உங்களுக்குத் தெரியும். ஆகையால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருந்தபோதே என் பிழைகளைப் பொறுத்தவர், இப்போது அங்கே உங்களுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது?

நம் துறைமுகச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். 'தலைவர் அவர்கள்' என்று தொடங்கினால், ஊர் பேர் தெரியாத யாரையோ பற்றி எழுதுவதுபோல் கை நின்றுவிடுகிறது. அதனால் உங்களுக்கே எழுதிவிடுவோம், படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும் என்று துணிந்துவிட்டேன். அவர்களில் புது ஆட்களும் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான் மாமா. உங்களை நாடகம் போட்டுவிட்டார்கள். அதில் நீங்களாக நடித்தவன் நான்.

சிரிக்கிறீர்களா? என் மூத்த மகள் சரோஜாவும் சிரித்தாள். "நைனா, மாமா நின்னா ஆறடி. நீ ஸ்டூல் மேல ஏறி நின்னாத்தான் அவரு தோளுக்கு வருவே" என்றாள். நாற்காலியில் குந்தியிருக்கிற வேஷம்தானே, உயரத்தை யார் அளக்கப்போகிறார்கள் என்று அவள் வாயை அடைத்தேன். குந்துவதா, நிற்பதா என்பதிலேதான் என் மானம் மரியாதை எல்லாம் தொங்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாடகத்தை எழுதியவர் யார் தெரியுமா? அரிசி மண்டி தேவசகாயம் அண்ணாச்சி. மூட்டையின் கனத்தைக் குறைக்கச் சொல்லி அவர் கடை வாசலில் நீங்கள் மறியல் செய்தபோது, திருநெல்வேலித் தமிழில் உங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தாரே, அதே அண்ணாச்சிதான். நீங்கள் படுத்த பிறகு வாரம் தவறாமல் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவார். எதற்கு வருகிறார் என்று எனக்கு விளங்கியதே இல்லை. இப்போதும் விளங்கவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் நாடகமாக எழுதியிருக்கிறார்.

அந்த வாதம் அடித்த நாளை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. துறைமுக வாசலில் பேசிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒருபுறம் இழுத்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு போயிற்று. கவுன்சிலர் பதவியை விட்டுவிடுங்கள் என்று பெரியவர்கள் வந்து நயமாகச் சொன்னார்கள். நீங்கள் இடது கையால் தலையணையைக் குத்தி, மாட்டேன் என்றீர்கள். அப்புறம் மூன்று வருஷம், சாகும்வரை, விடவில்லை.

எத்திராஜும் அவன் கோஷ்டியும் உங்கள் கைவைத்த நாற்காலிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கழி கட்டினார்கள். கப்பல் சாமான் தூக்குகிற நாலு பேர். கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் நீங்கள் அவர்களுக்கு மேஸ்திரி. பாரம் தூக்குகிற இடத்தில் பேச்சு எடுபடாது, இயந்திர இரைச்சலில் யார் சொல்வது யாருக்குக் கேட்கும்? மேஸ்திரி பெட்டியின்மேல் இரண்டு தட்டு தட்டினால் தூக்க வேண்டும். ஒரு தட்டு தட்டினால் இறக்க வேண்டும். பேச்சு போன பிறகு அந்தப் பழைய வழக்கந்தான் உங்களுக்கு உதவியது. நாற்காலிக் கையில் டக், டக். சாப்பாட்டில் இருந்தாலும் எச்சில் கையோடு வந்து நாலு பேரும் தோள் கொடுப்பார்கள். கார்ப்பரேஷன் கூட்டத்துக்கு, குழாயடிக்கு, தீப்பிடித்த குடிசைக்கு, எல்லா இடத்துக்கும் அப்படித்தான் போனீர்கள்.

இனி கொடிக்கம்ப விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அக்காளைக் கேட்டேன். "எழுது. இன்னாத்துக்கு மூடணும்?" என்றாள்.

தலைவர் கதை முடிந்தது, அது இனிமேல் நாற்காலிப் பொம்மைதான் என்று எதிராளிகள் பேசித் திரிந்த சமயம். துறைமுக வாசலில் கூட்டம். நீங்கள் கொடிக்கம்பத்தைக் காட்டினீர்கள், பிறகு உங்கள் இடுப்பைக் காட்டினீர்கள். அக்காளுக்குத்தான் முதலில் புரிந்தது. உங்கள் துண்டால் இடுப்பைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சு தெரியாமல் ஜிப்பாவை இழுத்துவிடச் சொல்லி இடது கையால் சைகை காட்டினீர்கள். அவள் கம்பத்துக்குப் பின்னால் மேடைத் துணிக்குள் குந்திக்கொண்டு, மடங்குகிற உங்கள் வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கம்பத்துக்கு முன்னால் மறைத்திருந்த திரையை விலக்கினார்கள். தலைவர் நிற்கிறார் என்று சனம் எழுப்பிய சத்தம் ராயபுரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். உண்மை தெரிந்தவர்கள் அக்காளும் நானும் எத்திராஜ் கோஷ்டியும்தான்.

அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சியும் இருந்திருக்கிறார். தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால்தான் கடைசிக் காட்சியில், தொழிலாளர் மனம் தளர்ந்த நேரத்தில் தலைவர் நாற்காலியிலிருந்து தாமாக எழுந்து நிற்பதாக எழுதிவிட்டார். சுவரெல்லாம் 'தலைவர் எழுந்தார்' என்று நோட்டீசும் ஒட்டியாயிற்று.

அக்காள் காதுக்குப் போயிற்று. நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"டேய் ஏகா, கடசீல அவரு எந்திரிக்கிறாராமே?"

"நாடகந்தானேக்கா."

"அவரு எப்படா எந்திரிச்சாரு? நான் நிறுத்துனேன். கொடிக் கயிறு காத்துல ஆடி என் மூஞ்சிமேலயே அடிச்சிக்கினு இருந்துச்சு, தள்ளிவுடக்கூட கையை எடுக்கல. நீ பாட்டுக்குத் தானா எந்திரிச்சி நின்னுட்டா, என் மூணு வருசம் எங்கடா போச்சு?"

எழுந்திரிக்க மாட்டேன் என்று சொன்னேன்.

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

"நீ எந்திரிச்சே, அப்பவே நான் எந்திரிச்சி வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் உன் வாசப்படி ஏற மாட்டேன்."

மறுநாள் அண்ணாச்சியிடம் போய், கடைசிக் காட்சியில் குந்தியபடியே வசனம் சொல்லிவிடுகிறேனே என்றேன். அவர் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னவே பேசுதீரு? சனம் எதுக்கு வருது, நீரு நாற்காலியில குந்திக் கொட்டாவி விடுததைப் பாக்கவா? அந்த மனுசன் எந்திரிச்சதை நான் பாத்தேன்வே. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அதைக் காட்டலேன்னா நாடகமே வேண்டாம்."

கொடிக்கம்பக் கதையை அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஜிப்பாவை இழுத்துவிடச் சொன்ன உங்கள் இடது கை ஞாபகத்துக்கு வந்தது. அண்ணாச்சிக்கும் சரி என்றேன்.

எனவே மாமா, நாடகத்தன்று நான் எழுந்திரிப்பதாகவும் சத்தியம், எழுந்திரிக்காமல் இருப்பதாகவும் சத்தியம். உங்களைக் கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நிற்க ஆசைப்பட்டது நீங்கள்தானே? அப்படியானால் அண்ணாச்சி எழுதியது சரி. நிறுத்தியது அக்காள்தானே? அப்படியானால் அக்காள் சொல்வதும் சரி. இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் நிற்கிறவன் என்ன செய்வது? துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலைதான் எனக்குத் தெரியும். இந்த மாதிரி விஷயத்தை எப்படி எண்ணுவது?

அதற்கிடையில் ஒத்திகை. உங்களைப்போல் வரவேண்டும் என்று வீட்டிலும் வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தேன். இடது கையால் பொத்தான் போட்டேன், இடது கையால் சோறு தின்றேன். "வலது கைக்கு இன்னா, லீவா?" என்று சம்சாரம் தட்டை நகர்த்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் வாயால் கேட்காமல், உங்களைப்போல் இடது கையால் பலகையைத் தட்டுவேன். பேஜாராகி, ஒருநாள் சரோஜா பலகையையே எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

நாற்காலியை அக்காள்தான் கொடுத்தாள். ஈரத்துணி காயப்போட்டிருந்ததை எடுத்துவிட்டு, "ஆளைத்தான் பொய்யாக் காட்டப்போறீங்க, நாற்காலியாவது நெசமா இருக்கட்டும்" என்றாள். கழிகூடப் பழைய கழிதான்.

தண்டையார்பேட்டையில் உங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு, கிடங்குகளுக்கு நடுவில் இருக்கிற காலியிடந்தான் கொட்டகை. பீப்பாய்களை அடுக்கி மேலே பலகை போட்டு மேடை. ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்காகப் பொழுது சாயவே தொடங்கிவிட்டார்கள். முன்வரிசையில் மணலில் எத்திராஜ் கோஷ்டி, மடியில் வேர்க்கடலை. பெண்கள் பக்கம் ஓரமாக அக்காள்.

அண்ணாச்சி கடைப் பையன்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கி வந்தார்கள். தூக்கினார்கள் என்று சொல்லக்கூடாது, உருட்டினார்கள்.

"தோளை மாத்துடா, சாயுது பாரு" என்று எத்திராஜ் கீழேயிருந்து குரல் கொடுத்தான். "தலைவரைக் கூட்டியாறீங்களா, தவுட்டு மூட்டையா?"

சனம் சிரித்தது. அக்காள் வேஷம் கட்டியவன் பீப்பாய்ப் பட்டறை சின்னையா. மீசையை எடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டதால், நாடகம் முழுக்க முந்தானையால் வாயைப் பொத்தியபடியே அழுதான். நிஜ அக்காள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. மேடையில் நானும் நாற்காலியும் மட்டும். திரைக்குப் பின்னால் 'சங்கம் உடைந்தது, தலைவர் ஓய்ந்தார்' என்று கூச்சல். அது முடிந்ததும் நான் எழுந்திரிக்க வேண்டும். ஓரத்தில் நின்று அண்ணாச்சி, "எந்திரியும்வே, எந்திரியும்" என்று பல்லைக் கடித்தார். இந்தப் பக்கம் பார்த்தால் அக்காள். அவள் என்னைப் பார்க்கவில்லை மாமா, நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தால் அக்காள் போய்விடுவாள். எழாவிட்டால் நாடகம் போய்விடும். உங்கள் பேரும் சேர்ந்தே போகும். பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. என் இடது கை செய்துவிட்டது. நாற்காலிக் கையில் டக், டக் என்று தட்டிவிட்டது.

கீழே எத்திராஜ் எழுந்தான். வாயில் போட்ட கடலையை மெல்லக்கூட இல்லை. மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. மேடை ஏறி, வேட்டியை மடித்துக் கட்டி, கழிக்குத் தோள் கொடுத்து ஒரே மூச்சில் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

"ஏ, எங்கலே தூக்கிட்டுப் போறீய?" என்று அண்ணாச்சி ஓடிவந்தார்.

"வூட்டுக்கு" என்றான் எத்திராஜ்.

மேடையை விட்டு இறங்கி, சனத்துக்கு நடுவே நடந்தார்கள். சனமும் வழி விட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். ஒருத்தராவது சிரித்திருக்கலாமே? பழைய வழக்கப்படி ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள், சிலர் கும்பிட்டார்கள். யாரைக் கும்பிட்டார்கள்? மூட்டை எண்ணுகிற ஏகாம்பரத்தையா?

மேலே உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அங்கிருந்து பார்த்தால் யார் முகமும் தெரிவதில்லை. உச்சந்தலைதான் தெரிகிறது. எத்திராஜுக்கு மூட்டை உரசி உரசி நடுமண்டையில் முடி தேய்ந்து போயிருக்கிறது. மூன்று வருஷமாக உங்களைச் சுமந்தவர்களின் முகம் உங்களுக்கு வழியெல்லாம் தெரிந்திருக்காது, இந்தத் தலைகள்தான் தெரிந்திருக்கும். அப்புறம், பயமாக இருக்கிறது மாமா. ஒவ்வொரு அடிக்கும் விழப்போகிறோம் என்று தோன்றுகிறது. நீங்கள் சிரித்துக்கொண்டல்லவா வருவீர்கள்? அது சிரிப்புத்தானா, அல்லது இழுத்துக்கொண்ட வாய் அப்படித் தெரிந்ததா? இத்தனை நாள் எனக்கு இது கேட்கத் தோன்றவில்லை.

குழாயடியில் உங்கள் வழக்கப்படி நாற்காலி கொஞ்சம் நின்றது. நாடகத்துக்கே வராத பச்சையம்மா குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். மங்கல் வெளிச்சத்தில் நாற்காலியைப் பார்த்ததும், "இன்னா தலைவரே, மூணு நாளாக் கொயாயில காத்துதான் வருது, கேக்க நாதியில்ல" என்றாள். உங்களைப்போல் தலையை ஆட்டிவைத்தேன். அவள் நிம்மதியாகக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த தெருவுக்கு வந்த பிறகுதான், நான் ஆட்டியது யாருடைய தலை என்று எனக்கே உறைத்தது.

வீட்டு வாசலில் இன்னொரு ஆச்சரியம். கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. வழியில் கிடக்கிற குடமும் பலகையும் ஒதுக்கப்பட்டு, பாய் விரித்திருந்தது. நாற்காலி தெரு சுற்றி வரும், அக்காள் சந்து வழியாக முன்னால் ஓடிவந்து எல்லாம் தயார் செய்வாள், அதுதானே வழக்கம்? அன்றும் அந்த இரண்டு தட்டைக் கேட்டதும் எழுந்து ஓடிவந்திருக்கிறாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். விளக்கு வெளிச்சம் என் முகத்தில் விழுந்ததும் அவள் கை கதவிலிருந்து நழுவியது.

நாலு பேரும் நாற்காலியைச் சுமந்தபடி அப்படியே நின்றார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"தட்டு மாமு, தோளு போவுது" என்றான் எத்திராஜ்.

எனக்கு எத்தனை தட்டு என்றே மறந்துபோயிற்று. கையும் வரவில்லை. அக்காள்தான் வாசற்படி இறங்கி வந்தாள். அண்ணாந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்காலிக் கையில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

இறக்கினார்கள்.

"இவ்ளோ தூரம் தூக்கினு வந்தீங்களே, மேல யாரு கீறான்னு பாத்தீங்களாடா?"

"தட்டுனாங்க, தூக்குனோம்கா" என்றான் எத்திராஜ்.

அக்காள் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பார்க்கிறதற்குச் சின்னையா அழுததுபோலவே இருந்தது. அவன் நன்றாகத்தான் நடித்திருக்கிறான்.

பின்னாலேயே அண்ணாச்சி ஓடிவந்தார். திட்டுவதற்குத்தான் வந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் வாயைத் திறக்குமுன் அக்காள் கொடிக்கம்பத்துக் கதையைச் சொல்லிவிட்டாள். துண்டு, முடிச்சு, முட்டியைப் பிடித்தது, எல்லாம். அண்ணாச்சி அப்படியே நாற்காலியின் கால்மாட்டில், பழைய இடத்தில், உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, எனக்கு இது தெரியாதே. கண்ணால பாத்ததைத்தான எழுதினேன்" என்றார்.

"நீங்க அப்டிப் பாக்கணும்னுதானே கட்டுனேன்" என்றாள் அக்காள்.

எனக்கு இருந்த குழப்பம் அங்கே எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கிடைத்ததுபோல் இருந்தது.

இப்போதைய செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பச்சையம்மாவுக்குத் தலையாட்டிவிட்டேன் அல்லவா, நீங்கள் ஆட்டின தலை வீணானதில்லை என்பதால், மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். நீ யார் என்று கேட்டார்கள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் தண்ணீர் வந்துவிட்டது. என் தொல்லை தாங்காமலா, தானாகவா என்பது தெரியாது.

நாடகத்தைக் காலடிப்பேட்டையிலும் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். நாலு பேர் வந்து தூக்கின முடிவுதான் பிரமாதம், அதையே வைத்துக்கொள்வோம் என்று அண்ணாச்சி எத்திராஜிடம் கெஞ்சிப் பார்த்தார். "தட்டுன்னு சொல்லி வச்சித் தட்டுனா எப்டி அண்ணாச்சி தோளு எழும்பும்?" என்று அவன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். அதனால் அண்ணாச்சி புதிதாக எழுதியிருக்கிறார். மேடையில் கொடிக்கம்பம் இருக்கும். தலைவரைக் கம்பத்தோடு மனைவி கட்டுவதை எல்லாரும் பார்ப்பார்கள்.

நேற்று ஒத்திகை. சின்னையா என்னைக் கட்டினான். ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காளால் பொறுக்க முடியவில்லை.

"அது பீப்பாக் கட்ற முடிச்சு. தள்ளுடா" என்று வந்து, பெட்டியிலிருந்து எடுத்துவந்த உங்கள் துண்டை என் இடுப்பில் சுற்றினாள். சுற்றி இழுத்துப் பார்த்தாள். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று எட்டவில்லை.

"அவருக்கு ரெண்டு சுத்து வரும். உனக்கு ஒண்ணுக்கே பத்தல. இன்னாடா துன்றே?" என்றாள். பிறகு தன் பழைய புடவையில் ஒரு பட்டை கிழித்து, துண்டோடு சேர்த்து முடிந்தாள். கம்பத்துக்குப் பின்னால் போய்க் குந்தினாள். என் முட்டியில் அவள் இரண்டு கையும் வந்து பிடித்தன. எவ்வளவு பலமான பிடி என்று உங்களுக்குத் தெரியும்.

"அன்னிக்கும் நானே வரேன். சின்னையா மீசையோட வூட்டுக்குப் போவட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் மறுபடி பழைய குழப்பம். அந்த முடிச்சு யாருக்கும் தெரியக்கூடாது என்று ஜிப்பாவை இழுத்துவிடச் சொன்னவர் நீங்கள். அதைக் காலடிப்பேட்டை முழுக்கக் காட்டப்போகிறோம். உங்களுக்குச் சம்மதமா மாமா? கோபமா? வெட்கமா? அல்லது இத்தனை நாள் கழித்தாவது அவள் அந்தத் துணிக்குள்ளிருந்து வெளியே வருகிறாளே என்று இருக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் எங்கேயாவது ஒரு தட்டு தட்டுங்கள், இறக்கிவைத்துவிடுகிறோம். கதவோ ஜன்னலோ காற்றில் தட்டினால் அது நீங்களா என்று நான் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லமுடியும். எந்த ஊர் மேடையானாலும் சரி, சனம் எவ்வளவு கத்தினாலும் சரி, அக்காள் வந்து கட்டாமல் நான் எழுந்து நிற்கமாட்டேன். அவள் பிடித்திருக்கும்வரை விழவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உயரத்தில் உங்கள் தோளுக்கும் எட்டாமல், இடுப்பில் உங்கள் துண்டுக்கும் அடங்காமல் போன
உங்கள் மச்சான் ஏகாம்பரம்